ஒன்றிப்போதல் துறை

காப்பர் வாஷ் பள்ளி மாவட்டத்தில் கணக்குக்கு வாத்தியார் இல்லை. அறிவியலுக்கு இல்லை. ஆறாம் வகுப்பை ஒரு வருடம் முழுக்க நீச்சல் பயிற்சியாளர் ஒருவர் பார்த்துக்கொண்டார். பிள்ளைகளுக்குப் பின்னம் வரவில்லை, மூச்சை மட்டும் நன்றாக அடக்கினார்கள். இப்படிப்பட்ட மாவட்டத்தில் ஒரே ஒரு துறைக்கு மட்டும் ஆள் பஞ்சமே கிடையாது. அதன் பெயர் ஒன்றிப்போதல் துறை. பிலிப்பைன்ஸிலிருந்து வரவழைத்த ஆசிரியர்களை அரிசோனா வாழ்க்கையோடு ஒன்றவைப்பது அதன் பணி. ஆசிரியர்கள் பதினோரு பேர். ஒன்றவைப்பவர்கள் ஆறு பேர்.

எர்மினியா பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரிலிருந்து வந்து இறங்கிய மறுநாளே அந்தத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டாள். ஜூலை மாதம். வெளியே காரின் கைப்பிடியைத் தொட்டால் தோல் அதிலேயே தங்கிவிடும். உள்ளே ஏசி, பற்கள் தந்தியடிக்கும் அளவுக்கு. புதிதாக வந்தவர்கள் தோளைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, துறையின் இயக்குநர் டாக்டர் டார்லீன் ஹக்கபி மேடையேறினார். வெளிர் மஞ்சள் கோட்டு, மார்பில் சூரியகாந்திப் பூ குத்தியிருந்தது, முகம் நிறையச் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எர்மினியாவுக்கு நிம்மதியாக இருந்தது. பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

"கடல் தாண்டி வர்றது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும்," என்றார் டாக்டர் ஹக்கபி. "நானும் வெளிநாட்டுல இருந்திருக்கேன். மெக்ஸிகோ கரையோரமா நாலு நாள், கப்பல்ல. கரைக்கு இறங்கலை, வயிறு சரியில்லை. ஆனா ஜன்னல் வழியா பார்த்தேன். அந்தத் தனிமை இன்னும் மறக்கலை. அதனால சொல்றேன், எங்க ஊர்க்காரங்க யாரும் செய்ய மாட்டேங்கிற வேலையை, அவங்க யாரும் வாங்க மாட்டேங்கிற சம்பளத்துக்கு, உங்களை நம்பிக் குடுத்திருக்கோம். அவ்வளவு நம்பிக்கை உங்க மேல."

எல்லோரும் கைதட்டினார்கள். எர்மினியாவும்தான். பிறகு ஆளுக்கொரு பளபளப்பான அட்டை வந்தது: வெளிநாட்டு ஆசிரியர்களுக்கான நடைமுறைக் குறிப்புகள். முதல் குறிப்பு, மாலையில் உங்கள் தெருவில் காலாற நடந்து அக்கம்பக்கத்தாரோடு பழகுங்கள் என்றது.

எர்மினியா சொன்னதைச் செய்கிற ரகம். அன்று மாலையே கிளம்பினாள். தெருவில் நடைபாதை இல்லை, நிழல் இல்லை, ஆளும் இல்லை. வீடுகள் எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது போலிருந்தன. மூன்றாவது திருப்பத்தில் ஒரு போலீஸ் கார் வந்து அவள் வேகத்துக்கு ஊர்ந்தது. வண்டி ரிப்பேரா, உடம்பு சரியில்லையா, யாராவது துரத்துகிறார்களா என்று அந்த அதிகாரி அக்கறையாகத்தான் கேட்டார். அக்கம்பக்கத்தாரோடு பழக வந்தேன் என்றாள் எர்மினியா. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஏறுங்கள், வீட்டில் விட்டுவிடுகிறேன் என்றார். விட்டார். மறுநாள் துறையில் இதைச் சொன்னபோது, ஒரு உள்ளூர்க்காரரோடு பழகியாயிற்று என்று அவள் பெயருக்கு நேராக ஒரு நட்சத்திரம் ஒட்டினார்கள்.

இந்த நட்சத்திரத்தை யாரும் விளையாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. துறையின் கணக்கில் வெளிநாட்டு ஆசிரியருக்கு மூன்று நிலை: வந்தவர், இருப்பவர், ஒன்றியவர். ஒன்றியவர் ஆனால்தான் குடும்பத்தை அழைத்துக்கொள்ள மாவட்டம் ஆதரவுக் கடிதம் தரும். எர்மினியாவுக்குக் கணவன் இல்லை. மகள் அமிஹான் ஆறு வயதில் இலோய்லோவில் தம்பி வீட்டில் நின்றுவிட்டாள். காலையில் அவளை ஜீப்னி வண்டியில் ஏற்றிப் பள்ளிக்குக் கூட்டிப்போவது எதிர்வீட்டு ரோவேனா. ரோவேனாவும் வாத்தியார்தான், எர்மினியாவோடு ஒரே பள்ளியில் ஒன்பது வருடம் பக்கத்து வகுப்பில் நின்று கத்தியவள். கிளம்பும்போது எர்மினியா மகளிடம், ஒரு வருடம் கண்ணு, ஒரே வருடம் என்று சொல்லியிருந்தாள். துறை கொடுத்த அட்டையிலும் ஒரு வருடம் என்றுதான் போட்டிருந்தது.

அவள் செய்த தப்பு என்று பார்த்தால் ஒன்றே ஒன்று. அதுவும் மரியாதையில் செய்தது.

பள்ளி திறந்த முதல் வாரம், ஆசிரியர் அறையில் டப்பாவைத் திறந்தாள். சோறும் நாலு லும்பியாவும். மெல்லிய மாவுத்தாளில் கறியையும் கேரட்டையும் வைத்துச் சுருட்டிப் பொரித்தது. முதல் வாய் வைக்கும்போது டாக்டர் ஹக்கபி உள்ளே வந்தார். இலோய்லோவில் வாயில் சோறு இருக்கும்போது எதிரே யார் வந்தாலும், கடன்காரனே வந்தாலும், வாங்க சாப்பிடலாம் என்று சொல்ல வேண்டும். வந்தவர், இப்பத்தான் ஆச்சு, நீங்க சாப்பிடுங்க என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். கேட்பது கடமை, மறுப்பது மரியாதை. உலகம் தோன்றியதிலிருந்து அங்கே யாரும் இந்த அழைப்பை ஏற்று உட்கார்ந்ததில்லை.

"வாங்க மேடம், சாப்பிடலாம்," என்றாள் எர்மினியா.

டாக்டர் ஹக்கபி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

நாலையும் தின்றார். தொட்டுக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். எர்மினியா வெறும் சோற்றைச் சிரித்த முகமாகச் சாப்பிட்டு முடித்தாள். விஷயம் அதோடு முடிந்திருந்தால் இந்தக் கதை இல்லை. அடுத்த திங்கட்கிழமை மாவட்டச் செய்திமடலில் பெரிய எழுத்தில் வந்தது: பகிர்வுப் புதன், நம் வெளிநாட்டு ஆசிரியர்கள் தாங்களாகவே முன்வந்து தொடங்கிய மரபு. வாராவாரம் புதன்கிழமை பதினோரு பேரும் லும்பியா கொண்டுவர வேண்டும். மரபு என்பதால் விலக்கு கிடையாது.

முதலில் ஆசிரியர் அறைக்கு மட்டும். பிறகு பேருந்து ஓட்டுநர்கள் வருத்தப்பட்டார்கள், அவர்களுக்கும். பிறகு பள்ளி வாரியக் கூட்டத்துக்கு. பிறகு கால்பந்து அணிக்கு நிதி திரட்ட மைதானத்து வாசலில் ஒரு கடையே போட்டார்கள், பகிர்வுக் கூடாரம் என்று பெயர் வைத்து. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அடுக்குமாடிக் குடியிருப்பில் பதினோரு பேரும் தரையில் சப்பணமிட்டு மாவு சுருட்டினார்கள். மடியில் விடைத்தாள். எண்ணெய்ப் புகையில் தீ எச்சரிக்கை மணி அடிக்கும். ஒருவர் துண்டால் வீசிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு முறை வைத்தார்கள்.

எர்மினியா தன் பங்கைப் போல இரண்டு பங்கு சுருட்டினாள். கறி வாங்குகிற செலவைக் கமுக்கமாகத் தானே போட்டாள். யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் அவளுக்குச் சுருக்கென்றது.

"அக்கா, நீங்க ஒரே ஒரு தடவை மரியாதையா நடந்துக்கிட்டீங்க," என்றான் எஃப்ரென். எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியார், அடுத்த வீட்டுக்காரன், வாய் கொஞ்சம் நீளம். "அதுக்கு நாங்க பதினோரு பேரும் ஆயுள் தண்டனை அனுபவிக்கிறோம். இன்னொரு தடவை உங்களுக்கு மரியாதை வந்துச்சுன்னா தயவுசெஞ்சு வாயைப் பொத்திக்குங்க."

அவன் ஒரு புதன்கிழமை கலகம் செய்து பார்த்தான். கடையில் வாங்கிய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுபோய் வைத்தான். யாரும் திட்டவில்லை. ஆனால் மதியத்துக்குள் துறையிலிருந்து இரண்டு பேர் வந்து அவனைத் தனியறைக்குக் கூட்டிப்போய், ஊர் ஞாபகமா, தூக்கம் வருகிறதா, மனதுக்குள் ஏதாவது பூட்டி வைத்திருக்கிறாயா என்று கனிவோடு விசாரித்தார்கள். கையில் பிடித்துக்கொள்ள ஒரு பஞ்சு பொம்மையும் கொடுத்தார்கள். அடுத்த புதன் எஃப்ரென் லும்பியாவோடு வந்தான்.

முதல் வருடம் முடிந்ததும் எர்மினியாவுக்கு ஒன்றிப்போதல் மதிப்பீடு. நீளமான மேசைக்குப் பின்னால் ஆறு பேர். ஊரை நினைத்தால் எது அதிகம் வருத்துகிறது என்று கேட்டார்கள். மகள் என்றாள். சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. ஆறு பேரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். முடிவு வந்தது: மனம் முழுதாக இங்கே இல்லை. நிலை, இருப்பவர். கடிதம் இல்லை.

மகளிடம் இன்னும் ஒரு வருடம் என்று சொன்னாள்.

இரண்டாம் வருடம் அவள் கவனமாக இருந்தாள். ஊர்க்காரர்கள் போடுகிற மாதிரி பூட்ஸ் வாங்கினாள். உள்ளூர் அணி தோற்றபோது பக்கத்தில் நின்றவரோடு சேர்ந்து தலையில் கைவைத்துக்கொண்டாள். எப்படி இருக்கீங்க என்று யார் கேட்டாலும் கனவு மாதிரி இருக்கு என்று சொல்லப் பழகினாள். மதிப்பீட்டுக்கு முந்தின புதன், கையில் எண்ணெய் தெறித்துக் கட்டுப் போட்டிருந்ததால், ரொட்டிக்குள் சீஸ் வைத்துக் கொண்டுபோனாள். மதிப்பீட்டில் எது வருத்துகிறது என்று கேட்டபோது, எதுவுமே இல்லை என்று பூட்ஸ் காலை ஆட்டிக்கொண்டு சொன்னாள்.

ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் ஹக்கபி கண்ணாடியைக் கழற்றினார்.

"எர்மினியா கண்ணு, எங்களுக்குக் கவலையா இருக்கு," என்றார். "நீ உன்னையே தொலைச்சுட்ட. பூமியோட அந்தப் பக்கத்துல இருந்து ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தது சீஸ் ரொட்டி திங்கவா? ஒன்றிப்போறதுன்னா எங்களை மாதிரி ஆகிடறது இல்லை. நீ நீயாவே இருக்கணும். எங்களுக்குப் பிடிச்ச மாதிரி."

மேசையின் ஓரத்திலிருந்த ஒருவர், பெற்ற பிள்ளையை நினைத்து ஏங்காத ஒருவரிடம் பிள்ளையை அனுப்புவது சரியா என்று ஒரு சந்தேகம் எழுப்பினார். அதுவும் எழுதிக்கொள்ளப்பட்டது. நிலை, இருப்பவர்.

அன்று மகளைக் கூப்பிட்டபோது போனை ரோவேனாதான் எடுத்தாள். அமிஹான் பேச வரவில்லை. பள்ளியில் குடும்பப் படம் வரையச் சொன்னபோது அமிஹான் ஒரு தொலைபேசியை வரைந்தாள் என்று ரோவேனா தயங்கித் தயங்கிச் சொன்னாள். எர்மினியா கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் வருடம் துறை தானாகவே ஒரு வழி சொன்னது. இலோய்லோவில் ஒரு விடுதி அரங்கில் புதிதாக விண்ணப்பித்த ஆசிரியர்களைக் கூட்டப்போகிறார்கள். எர்மினியா இங்கிருந்து திரையில் தோன்றி, வெளிநாட்டில் ஆசிரியராக வாழ நடைமுறைக் குறிப்புகள் சொல்ல வேண்டும். முகநூலிலும் நேரலை. மற்றவர்களை ஒன்றவைப்பவர் தானே ஒன்றியவர் ஆகிவிடுகிறார் என்றார் டாக்டர் ஹக்கபி. நன்றாகப் பேசினால் மதிப்பீடே தேவையில்லை.

ரோவேனாவிடம் மட்டும் போனில் சொன்னாள். இது நல்லபடியாக முடிந்தால் கடிதம் தருவார்களாம் என்று. அது என்றைக்கு என்று ரோவேனா கேட்டுக்கொண்டாள். பிறகு, நல்லா பேசுங்க அக்கா, சிரிச்ச முகமா பேசுங்க என்றாள்.

பேச்சன்று எர்மினியாவின் மார்பிலும் ஒரு சூரியகாந்திப் பூ குத்தினார்கள். பக்கத்து நாற்காலியில், முழங்கால் இடிக்கும் தூரத்தில், டாக்டர் ஹக்கபி. திரையில் அரங்கம் தெரிந்தது: இஸ்திரி போட்ட சட்டைகள், மடியில் கோப்புகள், நிமிர்ந்த முதுகுகள். தானும் ஒரு நாள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம் என்று எர்மினியாவுக்குத் தோன்றியது. மாலையில் காலாற நடந்தால் அக்கம்பக்கத்தார் பழக்கமாவார்கள் என்று சொன்னாள். எழுதிக்கொண்டார்கள். உங்கள் உணவைப் பகிர்ந்துகொள்ளுங்கள், அவர்கள் அதை மறக்கவே மாட்டார்கள் என்றாள். அது உண்மை. ஒவ்வொரு குறிப்பும் வழுக்கிக்கொண்டு வந்தது. வாய் தனியாக ஓடிக்கொண்டிருக்க, அவள் எங்கோ பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு கேள்வி நேரம். மூன்றாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது. ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு எழுந்தவள் ரோவேனா.

எர்மினியா திரையை நோக்கிக் குனிந்தாள். இவள் விண்ணப்பித்திருக்கிறாளா? ஒரு வார்த்தை சொல்லவில்லையே? கையில் கோப்பு. இஸ்திரி போட்ட நீலச் சட்டை, அது எர்மினியா விட்டுவிட்டு வந்த சட்டை.

"வணக்கம் மேடம்," என்றாள் ரோவேனா. அக்கா என்று கூப்பிடவில்லை. "எனக்கு அஞ்சு வயசுல ஒரு பொண்ணு இருக்கா. பேரு தாலா. வேலைக்கு வந்தா அவளை எவ்வளவு நாள்ல கூப்பிட்டுக்கலாம்?"

டாக்டர் ஹக்கபியின் முழங்கால் லேசாக எர்மினியாவின் முழங்காலைத் தொட்டது. அதட்டல் ஒன்றும் இல்லை. தோழமையாகத்தான் தொட்டார்.

மூன்று வருஷம் ஆச்சு, இன்னும் ஆகலை. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த அரங்கில் பாதிப் பேர் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள், ரோவேனா முதல் ஆளாக. எர்மினியாவுக்கு அமிஹான் வரைந்த தொலைபேசி ஞாபகம் வந்தது. அதற்குக் கையும் காலும் வைத்திருந்தாளோ, வெறும் தொலைபேசிதானோ, கேட்காமலே விட்டுவிட்டோமே என்று அந்த நேரத்தில் போய் யோசித்தாள்.

"சீக்கிரமே," என்றாள். "ஒரு வருஷம் போதும். எல்லாம் நாம எவ்வளவு சீக்கிரம் ஒன்றிப்போறோம்ங்கிறதுலதான் இருக்கு."

ரோவேனா நேராகத் திரையைப் பார்த்தாள். "ரொம்ப நன்றி மேடம்," என்று சொல்லி உட்கார்ந்தாள். அரங்கம் கைதட்டியது. டாக்டர் ஹக்கபி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைக் கட்டிப்பிடித்தார். கேட்டியா, எவ்வளவு இயல்பா வருது உனக்கு என்றார்.

ஒன்றியவர் விழா பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. எர்மினியாவைச் சுற்றி ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையை ஊர்ப் பெரியவர்கள் பிடித்துக்கொண்டார்கள்; வேர் விட்டதற்கு அடையாளமாம். டாக்டர் ஹக்கபி பேசினார். இந்தத் துறை தொடங்கியதிலிருந்து இதுவரை ஒருவரைக்கூட ஒன்றியவராக்க முடியவில்லை என்று சிலர் குறை சொல்வதாகவும், அதுவே துறை இன்னும் தேவை என்பதற்குச் சான்று என்றும், இப்போது ஒருவர் கிடைத்துவிட்டதால் துறை தேவை என்பதற்கு இரண்டாவது சான்றும் கிடைத்துவிட்டதாகவும், எனவே ஏழாவது ஆளை நியமிப்பதாகவும் அறிவித்தார். அன்றைய விருந்துக்கான லும்பியாவை எர்மினியாவே சுருட்டியிருந்தாள். எஃப்ரென் கடைசி வரிசையில் நின்றான். கைதட்டவில்லை, திட்டவும் இல்லை. வெளியே போகும்போது அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டான், கடிதம் வந்துச்சா அக்கா என்று. வந்தது என்றாள். சந்தோஷம் என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கு இரண்டு பையன்கள், ஊரில்.

ரோவேனா வேலையை ஏற்றுக்கொண்டுவிட்டாள் என்ற செய்தி துறை வழியாகத்தான் எர்மினியாவுக்குத் தெரிந்தது. பலமுறை போனைக் கையில் எடுத்தாள். பேச ஆரம்பித்தால், பயணச்சீட்டு எடுத்தாச்சா, குளிர்ச் சட்டை வேண்டாம், இப்படித்தான் வந்தது. வராதே என்கிற ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை. கடிதம் தூதரகத்தில் இருந்தது. துறை கோபித்துக்கொண்டு அதைத் திரும்பப் பெற்றுவிட்டால்? அமிஹான் வந்து இறங்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அமிஹானின் விமானம் அடுத்த மாதம். ரோவேனாவின் விமானம் இந்த வாரம்.

விமான நிலையத்துக்கு எர்மினியாவே காரோட்டிப் போனாள். துறை ஒரு வரவேற்புப் பதாகையும் சூரியகாந்திப் பூவும் கொடுத்தனுப்பியிருந்தது. பதாகையை விரிக்க அவளுக்குத் துணிவு வரவில்லை. ரோவேனா ஒரே ஒரு பெட்டியோடு வந்தாள், மூன்று வருடத்தில் கொஞ்சம் மெலிந்து. கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அமிஹான் வளர்ந்துவிட்டாள், உங்கள் உயரம் வந்துவிடும் போலிருக்கிறது என்று சொல்லி, அவள் கொடுத்தனுப்பிய உலர்ந்த மாம்பழப் பொட்டலத்தை நீட்டினாள்.

கார் ஊரைத் தாண்டியது. இரண்டு பக்கமும் வெறும் பொட்டல், கள்ளிச்செடி, வெயில். ரோவேனா இதமாகத்தான் பேசிக்கொண்டு வந்தாள். சாலை எவ்வளவு அகலம், வானம் எவ்வளவு பெரிசு. ஒவ்வொன்றும் எர்மினியாவுக்கு ஊசி போலிருந்தது. கடைசியில் தாங்க முடியாமல் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். ஏசி இரைந்துகொண்டிருந்தது.

ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு வருடம் என்பது பொய். யாருக்கும் அப்படி நடந்ததில்லை. மகளை நினைத்து அழுதாலும் தோற்கடிப்பார்கள், அழாவிட்டாலும் தோற்கடிப்பார்கள். எஃப்ரெனின் பையன்கள் இன்னும் ஊரில். அந்தக் கடிதத்துக்காகத்தான் உன் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன்.

"தெரியும் அக்கா," என்றாள் ரோவேனா.

எர்மினியா திரும்பினாள்.

"தினமும் காலையில அமிஹானை ஜீப்னியில ஏத்திக் கூட்டிட்டுப் போனவ நான். மூணு வருஷம் எவ்வளவு நீளம்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன்டி என்கிட்ட அதைக் கேட்ட?"

"பக்கத்துல அந்தம்மா உக்காந்திருந்தாங்களே. யாராவது ஒருத்தர் பிள்ளையைப் பத்திக் கேட்டு, நீங்க நல்லா பதில் சொன்னாத்தானே அவங்களுக்கு மனசு குளிரும். வேற யாரும் கேக்கற மாதிரி தெரியலை. கேக்கணும்னுதான் விண்ணப்பமே போட்டேன். விண்ணப்பம் போட்டவங்களைத்தான் உள்ள விட்டாங்க."

ஒரு லாரி காரை உலுக்கிக்கொண்டு கடந்துபோனது.  கேட்டதோடு விட்டிருக்கலாமே, தெரிந்துகொண்டே எதற்காகக் கிளம்பி வந்தாய் என்று எர்மினியா கேட்டாள்.

ரோவேனா மடியில் இருந்த கைப்பையின் வாரை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

"முகநூல்ல நேரலை போட்டாங்கல்ல. நான் நம்பலை அக்கா. எங்க வீட்டுல எல்லாரும் நம்பிட்டாங்க. மாமியார், அவரு, தெருவுல அத்தனை பேரும். தாலா அன்னிக்கே தன்னோட துணியெல்லாம் மடிச்சுப் பையில கட்டி வச்சுட்டா. நான் கிளம்பற அன்னிக்கு வரைக்கும் அந்தப் பையைப் பிரிக்கவே விடலை."